கைத்தொழிற் கல்வியின் இரு முகங்கள்

ஒரு பொருளை நடுவில் வைத்து, அதைக் கையால் செய்து பார்த்து, அதன் வழியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிக்கும் முறை இன்று நம் பள்ளிகளில் செயல்திட்டக் கல்வி என வழங்கப்படுகிறது. இம்முறை நேற்று முளைத்ததன்று. அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் நிறுவிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் மரவேலை செய்தும் கற்றனர். அவர் வழியில் வந்த கில்பாட்ரிக் 1918இல் இம்முறையை விளக்கி எழுதிய கட்டுரை பல நாடுகளுக்கும் பரவியது.

ஆயினும் நம் மக்களிடையே இதைப்பற்றி ஓர் அச்சம் நெடுங்காலமாக உண்டு. “மண்வெட்டி பிடிக்க வீட்டிலேயே கற்றுக்கொடுப்போமே, அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு, வாத்தியாரையா?” என்று தோட்டத்துப் பெற்றோர் என்னிடமே கேட்டதுண்டு. இதனை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. இவ்வச்சத்திற்கு வரலாற்றிலே தக்க காரணம் இருக்கிறது.

மலாயாவில் நடந்தது

பினாங்கில் பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816இல் தொடங்கிய பிரீ ஸ்கூலையும், அங்கு நடந்த தமிழ் வகுப்பையும் நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அப்பள்ளியைப் பின்பற்றி நகரங்களில் எழுந்த ஆங்கிலப் பள்ளிகள் ஏட்டுக் கல்வி தந்தன. அதைக் கற்றவர்க்கு அலுவலகக் கதவு திறந்தது. நாட்டுப்புறத் தாய்மொழிப் பள்ளிகளின் நிலையோ வேறு. மலாய்ப் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்ற ஆர். ஓ. வின்ஸ்டெட் 1916இல் ஜாவாவுக்கும் பிலிப்பைன்சுக்கும் சென்று, அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வந்தார். அவர் தந்த அறிக்கையின் பயனாகக் கூடை முடைதலும் தோட்ட வேலையும் பாடத்தில் முதன்மை பெற்றன. 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் இவையே வலியுறுத்தப்பட்டன.

மீனவர் மகன் தந்தையினும் சற்றுத் தேர்ந்த மீனவனாகவும், உழவர் மகன் சற்றுத் தேர்ந்த உழவனாகவும் ஆனால் போதும் என்பதே அக்கால ஆட்சியாளர் கொள்கை. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அவ்வளவுகூடக் கிட்டவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர்.

வார்தாவில் இரு தமிழர்

இதே கைத்தொழிலை முற்றிலும் வேறு நோக்கில் கண்டவர் காந்தியடிகள். 1937 அக்டோபர் 22, 23ஆம் நாள்களில் வார்தாவில் அவர் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. திட்டத்தை வகுக்க ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர்: ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான ஆரியநாயகம், மற்றவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஆரியநாயகம் தம் துணைவியார் ஆஷாதேவியுடன் சேவாகிராமத்தில் தங்கி இப்பணிக்கே வாழ்வை அளித்தார்.

ஆதாரக் கல்வி எனப்பட்ட அத்திட்டத்தில் பிள்ளை தக்ளியில் நூல் நூற்றது. நூலை அளக்கையில் பெருக்கலும் வகுத்தலும் வந்தன. பருத்தி எம்மண்ணில் விளையும் என்று கேட்கையில் புவியியல் வந்தது. டாக்கா மஸ்லின் ஏன் அழிந்தது என்று கேட்கையில் நாட்டின் வரலாறே வந்தது. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுசெய்யலாம் என்றும் காந்தியடிகள் கருதினார். அது பள்ளியைப் பட்டறையாக்கிவிடும் என்று பலர் எச்சரித்தனர். வருவாய் நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடலாம் என்பதைக் குழுவும் உணர்ந்தே இருந்தது.

சென்னையில் எழுந்த புயல்

1953இல் சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தந்தையின் தொழிலையோ ஊர்க் கைத்தொழிலையோ பழக வேண்டும் என்பது திட்டம். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டே இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் தந்தையின் தொழிலைச் சாதியே தீர்மானிக்கும் நாட்டில் இதன் பொருள் என்ன? பெரியாரும் தி.மு.க.வினரும் இதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்த்துப் போராடினர். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் அவ்வாண்டே திட்டம் கைவிடப்பட்டது.

வார்தாவில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. ஆசிரியர் உடனிருந்து அதை அறிவாக மாற்றினார். 1953இல் பிள்ளை கைத்தொழிலைத் தேடிப் பள்ளியை விட்டு வெளியே போயிற்று. இவ்வேறுபாட்டை நம் ஆசிரியர்கள் மறத்தலாகாது.

நமக்குரிய பாடம்

நம் பிள்ளைகளுக்குப் பால்மரத்தைவிட நல்ல பாடப்பொருள் ஏது? மங்கில் சேர்ந்த பால் அமிலம் பட்டதும் உறைவது வேதியியல். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பது இயற்பியல். பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர் என்று காண்பது கணக்கு. 1876இல் விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள், கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது வரலாறு.

ஆனால் பாடம் அங்கே நின்றுவிடக் கூடாது. அந்த ரப்பர் எங்கே விற்கிறது, விலையை யார் வைக்கிறார், பால் வெட்டியவர்க்கு அதில் எவ்வளவு வருகிறது என்பதையும் பிள்ளையே கணக்கிட வேண்டும். தந்தையின் சம்பளச் சீட்டைப் படித்துச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை, தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்ளும் வலிமை பெறுகிறது. பால் வெட்ட மட்டும் கற்பிப்பதாயின் பெற்றோர் கேட்ட கேள்வியே சரி. அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.