வேலையிழப்பும் அலுவலக நடைமுறைகளும் (சேலம், நாமக்கல்)

வேலையிழப்பு நடைமுறைகள் என்பவை, பணிநீக்கம், ஆட்குறைப்பு அல்லது ஆலை மூடல் காரணமாக வேலை இழந்த ஒருவர் தமக்குரிய ஊதிய நிலுவை, இழப்பீடு, பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), காப்பீட்டு உதவி ஆகியவற்றைப் பெற அணுக வேண்டிய அலுவலகங்களையும் அவை கேட்கும் ஆவணங்களையும் குறிக்கும். இவ்வுரிமைகளில் பெரும்பாலானவை சட்டத்தில் தெளிவாகவே உள்ளன. ஆயினும் ஒவ்வோர் அலுவலகமும் கேட்கும் சான்று, வேலையை விட்டு நீக்கிய முதலாளியிடமே இருப்பதே இந்நடைமுறைகளின் முதன்மையான சிக்கல் ஆகும். இக்கட்டுரை சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளை முன்வைத்து இதனை விளக்குகிறது.

தொழிற்களம்

நாமக்கல் மாவட்டம் 1997 ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் விசைத்தறியும், ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைகளும், நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளும் கோழிப்பண்ணைகளும் வேலை தருகின்றன. இவற்றில் பல சிறிய அளவிலானவை.

பெரிய ஆலைகளும் இப்பகுதியில் உண்டு. மேட்டூரில் இயங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் (மால்கோ) ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட்டு வெட்டியெடுத்தது. 2008 இன் இறுதியில் சுரங்கப் பணியும் அலுமினிய உற்பத்தியும் நிறுத்தப்பட்டன. இத்தகைய நிறுவனங்களின் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வருகைப் பதிவேடு, ஊதியச் சீட்டு, பி.எஃப். கணக்கு ஆகியவை இருப்பது வழக்கம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும், கூலிக்குத் தறி ஓட்டுபவருக்கும் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. எனவே ஒரே மாவட்டத்தில் ஒரே நாளில் வேலையிழந்த இருவரின் நிலை ஒன்றாக இருப்பதில்லை.

சட்ட நிலை

1947 ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டமே நீண்டகாலம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், அதன் இடத்தைத் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 பெற்றுள்ளது. அவற்றின் முக்கிய விதிகள் பின்வருமாறு:

* ஓராண்டு தொடர்பணி முடித்தவரை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகும்.
* நீக்கப்பட்டவருக்கும் விலகியவருக்கும் ஊதிய நிலுவையை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.
* பணிநீக்கத்தை எதிர்த்து முதலில் சமரச அலுவலரிடம் மனு அளிக்க வேண்டும். 45 நாட்களில் தீர்வு ஏற்படாவிட்டால் தொழிலாளரே நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதற்கான காலவரம்பு 2 ஆண்டுகள். பழைய சட்டத்தில் இது 3 ஆண்டுகளாக இருந்தது.
* பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனத்தில் ஐந்தாண்டு பணி முடித்தவர் பணிக்கொடை பெறலாம். அது 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும்.

சான்றுச் சிக்கல்

ஓர் ஆண்டில் 240 நாட்கள் பணிபுரிந்தவரே தொடர்பணி செய்தவராகக் கருதப்படுவார். 240 நாட்கள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2002 இல் ஹடிமணி வழக்கில் தீர்ப்பளித்தது. 2005 இல் எல்லட்டி வழக்கில் இக்கருத்தை உறுதிசெய்த நீதிமன்றம், நியமன ஆணையோ ஊதியச் சீட்டோ தரப்படாத தொழிலாளர் தாமே சாட்சியம் அளித்து, வருகைப் பதிவேட்டை முன்வைக்குமாறு முதலாளியைக் கோரலாம் என்பதையும் சுட்டிக்காட்டியது.

விசைத்தறித் தொழிலில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது. பி.எஃப். பொதுவாக 20 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும், ஈ.எஸ்.ஐ. 10 பேர் பணிபுரியும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஒரே கூரையின் கீழுள்ள தறிகள் பல பெயர்களில் பதிவாகியிருந்தால், எந்த நிறுவனத்தில் வேலை செய்தார் என்பதே முதல் கேள்வியாகிவிடும். முன்பணம் பெற்று வேலைக்குச் சேரும் வழக்கம் உள்ள இடங்களில், நிலுவைக் கூலியை முன்பணத்தில் கழித்துவிட்டதாகக் கூறப்படுவதும் உண்டு. அத்தகைய வேளையில் எழுத்துக் கணக்கு இல்லாதவரின் கோரிக்கை வலுவிழக்கிறது.

வருங்கால வைப்பு நிதி

சேலத்தில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மண்டல அலுவலகம் உள்ளது. கோரிக்கை முறையாக இருப்பின் 20 நாட்களில் தீர்க்கப்பட வேண்டும் என்பது விதி. தாமதத்துக்குப் பொதுவான காரணங்கள் சில உள்ளன:

* பெயர் வேறுபாடு. தலைப்பெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் இருப்பது, ஆதாரில் தந்தை பெயர் முழுமையாக இருப்பது ஆகியவை தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழ்பவை.
* பணி விலகிய நாளை முதலாளி பதியாமை. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பின் உறுப்பினரே இதனைப் பதியும் வசதி 2020 இல் ஏற்படுத்தப்பட்டது.
* பதிவு செய்த கைப்பேசி எண் மாறியிருத்தல்.
* நிறுவனம் மூடப்பட்டமையால் சான்றொப்பம் பெற இயலாமை. அந்நிலையில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், வங்கி மேலாளர் போன்றோரின் சான்றொப்பம் ஏற்கப்படுகிறது.

2018 முதல், ஒரு மாதம் வேலையின்றி இருந்தவர் 75 விழுக்காட்டையும், இரண்டு மாதங்களுக்குப் பின் எஞ்சியதையும் எடுக்க இயன்றது. முழுத்தொகைக்கான காத்திருப்பை 12 மாதங்களாக்க அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது.

காப்பீட்டு உதவியும் அரசு உதவித்தொகையும்

ஈ.எஸ்.ஐ. கழகம் 2005 இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டம், ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலையிழந்த காப்பீட்டாளருக்கானது. 2018 இல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் சேர்ந்தது. இது வாழ்நாளில் ஒருமுறை 90 நாட்கள் வரை உதவி வழங்குவது. 2020 இல் தொகை சராசரி ஊதியத்தின் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அப்போதே முதலாளி வழியாக அன்றித் தொழிலாளரே கிளை அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும் வழிசெய்யப்பட்டது. மேற்கூறிய சான்றுச் சிக்கலை நேரடியாகக் களைந்த சீர்திருத்தம் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை இதிலிருந்து வேறுபட்டது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருப்போருக்கு, கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 200 ரூபாய் முதல் 600 ரூபாய் வரை மூன்றாண்டுகள் வழங்கும் திட்டம் அது. அது வேலை கிடைக்காதோருக்கானதே அன்றி, வேலையை இழந்தோருக்கானது அன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பித்து அலைவோர் உண்டு. வேலைவாய்ப்புப் பதிவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் புதுப்பிக்கத் தவறியவரின் பதிவுமூப்பு இழக்கப்படலாம்.

சமாளிக்கும் வழிகள்

வேலையில் இருக்கும்போதே திரட்டும் ஆவணங்களே பின்னர் பெரிதும் உதவுகின்றன. கூலி வரவான வங்கிக் கணக்குப் புத்தகம், அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. மருந்தகச் சீட்டு, வேலை நாட்களைத் தேதியிட்டுக் குறித்த கையேடு, உடன் பணிபுரிந்தோரின் சாட்சியம் ஆகியவை ஊதியச் சீட்டு இல்லாத நிலையில் துணைச் சான்றுகளாகின்றன.

வேலையிழந்த பின் மனுக்களை நேரில் அளித்தால் ஒப்புகைச் சீட்டும், அஞ்சலில் அனுப்பினால் பதிவு அஞ்சல் இரசீதும் பெறுவது காலவரம்பைக் காக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். எனினும் அது சமரச அலுவலரிடம் அளிக்கும் மனுவுக்கு ஈடாகாது. கோரிக்கை எந்த நிலையில் உள்ளது எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழ் கேட்டால் பொதுவாக 30 நாட்களில் பதிலளிக்க வேண்டும்.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987 இன் 12 ஆம் பிரிவின்படி, தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம். இதற்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி இரண்டு ஆண்டுக் காலவரம்பைத் தவறவிடும் ஒருவருக்கு இப்பிரிவே முதலில் அறிய வேண்டியது எனலாம்.