கழகம் ஒருவருடையது, காணி இன்னொருவருடையது: சார்ல்டன் ரசிகர்கள் கட்சி தொடங்கிய கதை

பிரிமியர் லீக் போட்டிகளை நடுச்சாமம் வரை கண்விழித்துப் பார்க்கிற எங்களுக்குக் கழகங்களின் சொந்தக்காரர்களைப் பற்றியும் கொஞ்சம் தெரியும். அமெரிக்க முதலீட்டாளர், வளைகுடாப் பணம், விற்கப்போகினமாம், வாங்கப்போகினமாம் எண்டு கதைக்கிறம். ஆனால் அந்தக் கழகம் விளையாடுகிற காணி யாருடைய பெயரில் இருக்கு எண்டு நாங்கள் கேட்பது குறைவு. தென்கிழக்கு லண்டனின் சார்ல்டன் அத்லெட்டிக் கழகத்தின் வரலாற்றைப் படித்தால், முதலில் கேட்கவேண்டியதே அதுதான் எண்டு விளங்கும். மைதானத்தைப் பறிகொடுத்த அந்தக் கழகத்தின் ரசிகர்கள், அதை மீட்பதற்காகத் தேர்தலிலேயே நின்றார்கள்.

பள்ளத்தில் கிண்டிய மைதானம்

சார்ல்டன் 1905இல் தொடங்கிய கழகம். தொடங்கியவர்கள் பெரிய பணக்காரர்கள் இல்லை, பதின்ம வயதுப் பெடியள். 1919இல் கைவிடப்பட்ட ஒரு மணல், சுண்ணாம்புக் குழியைக் கண்டுபிடித்து, ரசிகர்களும் ஊர்ச்சனமும் சேர்ந்து வெட்டிக் கிண்டிச் சமப்படுத்தினார்கள். கிண்டிய மண்ணையே சுற்றிவரக் குவித்துப் பார்வையாளர் நிற்கும் மேடு ஆக்கினார்கள். பள்ளத்தாக்கு மாதிரி இருந்ததால் அதற்கு ‘வலி’ எண்டு ஆங்கிலப் பெயர் வந்தது. தமிழில் வாசிக்கும்போது அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் இருக்கு. இந்தக் கதைக்கு அதுவும் பொருந்தும்.

1938இல் அஸ்ரன் வில்லாவுக்கு எதிரான எஃப்.ஏ. கிண்ணப் போட்டிக்கு அங்கே 75,031 பேர் வந்தார்கள். 1947இல் சார்ல்டன் அந்தக் கிண்ணத்தையே வென்றது. 1957இல் முதல் தரத்திலிருந்து கீழிறங்கிய பிறகு பிடித்தது சரிவு. ஒவ்வொரு வருடமும் சனம் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் நின்ற கிழக்குப் பக்கத்துப் பெரிய மேட்டுப் படிகள் வெறிச்சோடின. ஆனால் லண்டனில் காணி விலை மட்டும் குறையவில்லை. கழகம் நட்டத்தில் ஓட, அதன் காலுக்குக் கீழே இருந்த மண்ணின் பெறுமதி ஏறிக்கொண்டே போனது. முழுச் சிக்கலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பிரிந்த உரிமை

1930களிலிருந்து கழகம் கிளிக்ஸ்டன் குடும்பத்தின் கையில் இருந்தது. 1982இல் மைக்கல் கிளிக்ஸ்டன் கழகத்தை மார்க் ஹூலியர் எண்ட இளம் வணிகரிடம் ஒப்படைத்தார். ஆனால் மைதானக் காணியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சார்ல்டன் சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் மாதிரி ஆனது.

இது ஏன் ஆபத்து? நட்டத்தில் ஓடும் கழகத்திடம் அடகு வைக்கவோ, கடன்காரருக்குக் காட்டவோ பெறுமதியான சொத்து எண்டால் மைதானம் ஒன்றுதான். அது கையை விட்டுப் போனால், கழகத்திடம் மிஞ்சுவது வீரர்களின் ஒப்பந்தமும், சம்பளப் பட்டியலும், கடனும்தான். காணிக்காரருக்கோ கழகம் ஒரு குத்தகைக்காரர் மட்டுமே. ஆட்டத்தில் தோற்றாலும் வென்றாலும் அவருக்குக் கவலையில்லை, வாடகை வந்தால் சரி.

1984 மார்ச்சில் சார்ல்டன் நீதிமன்றத்தில் கலைக்கப்படும் விளிம்புக்குப் போனது. சன்லி எண்ட கட்டுமான நிறுவனத்தைச் சார்ந்த குழு கடைசி நேரத்தில் வந்து காப்பாற்றியது. அடுத்த ஆண்டு மே மாதம் பிராட்ஃபோர்ட் மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். அதன்பின் இங்கிலாந்து முழுவதும் பாதுகாப்புச் சோதனைகள் இறுகின. ‘வலி’யின் கிழக்கு மேடு மூடப்பட்டது. மேற்குப் பக்கக் காணித்துண்டு ஒன்றைப் பற்றி உரிமையாளருடன் தகராறும் முற்றியது.

1985 செப்டெம்பரில் கிறிஸ்டல் பலசுக்கு எதிரான போட்டிக்கு வந்த ரசிகர்களின் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுக்கப்பட்டது. இனிமேல் கழகம் அதே கிறிஸ்டல் பலசின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்தில் விளையாடும் எண்டு அதில் இருந்தது. போட்டியாளரின் வீட்டில் குடியிருக்கச் சொன்ன மாதிரி. ரசிகர்களிடம் யாரும் கேட்கவில்லை. செப்டெம்பர் 21இல் ஸ்ரோக் சிற்றியுடன் கடைசிப் போட்டி நடந்தது, கதவு பூட்டப்பட்டது.

இங்கே ஒரு முரண் இருக்கு. அந்தப் பருவத்தின் முடிவில், 1986இல், 29 ஆண்டுகளுக்குப் பிறகு சார்ல்டன் முதல் தரத்துக்கு ஏறியது. களத்தில் பெரிய வெற்றி. ஆனால் அதைப் பார்க்கத் தெற்கு லண்டனின் மறுபக்கம் போக நிறையப் பேர் மறுத்துவிட்டார்கள். வெற்றி வந்தால் ரசிகன் எல்லாத்தையும் மறந்திடுவான் எண்டு நினைக்கிற நிர்வாகங்களுக்கு, அந்த வெறும் இருக்கைகள் ஒரு பதில்.

புல் வெட்டியவர்கள்

1988இல் ரொஜர் அல்வென் முதலியோரின் காலத்தில் கழகமும் காணியும் திரும்பவும் ஒரே கைக்கு வந்தன. அதற்குள் மைதானத்தில் பற்றை ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதே ஆண்டு ரசிகர்கள் ‘வலியின் குரல்’ எண்டு பொருள்படும் ஒரு சிற்றிதழைத் தொடங்கி, திரும்பிப் போகவேண்டும் எண்ட கோரிக்கையை விடாமல் எழுதினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையும் கையெழுத்து இயக்கம் நடத்தியது. 1989 வசந்தத்தில் மைதானத்தைத் துப்புரவாக்க வாருங்கள் எண்டு கழகம் அழைத்தபோது ஆயிரக்கணக்கில் சனம் வந்து பற்றை வெட்டியது. ஆடுகளத்தின் நடுவிலேயே குப்பையைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

அதோடு பிரச்சினை முடியவில்லை. புதிய மைதானத்தைக் கட்டக் கழகம் போட்ட திட்டத்தில், செலவை ஈடுகட்ட அலுவலகக் கட்டடங்களும் இருந்தன. சுற்றியிருப்பது குடியிருப்புப் பகுதி. 1990 ஜனவரி 31இல் கிறீனிச் நகரசபை அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. நியாயமாகப் பார்த்தால், தங்கள் வீட்டுக்கு முன்னால் பெரிய வணிகக் கட்டடமும் வாகன நெரிசலும் வரும் எண்ட அயலவர்களின் பயத்தை நாங்கள் தள்ளிவிட முடியாது. மைதானத்தோடு ரசிகருக்கு இருக்கிற உரிமை மாதிரி, தெருவோடு குடியிருப்பாளருக்கும் ஓர் உரிமை இருக்கு. ஆனால் திட்டத்தைத் திருத்து எண்டு சொல்வது வேறு, திரும்பி வரவே வழியில்லாமல் ஆக்குவது வேறு. தங்களுக்கு நடந்தது இரண்டாவது எண்டுதான் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

14,838 வாக்குகள்

1990 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல். ரசிகர்கள் ‘வலி கட்சி’ எண்ட பெயரில் 60 வேட்பாளர்களை நிறுத்தினார்கள். நகரசபையில் தங்களுக்கு ஆதரவாக இருந்த இரண்டு உறுப்பினர்களுக்கு எதிராக மட்டும் ஆளைப் போடவில்லை. விளம்பரத் துறையில் வேலைசெய்த ரசிகர் ஒருவர் சுவரொட்டிகளை வடிவமைத்தார். அந்தப் பிரசாரம் பிறகு விளம்பரத் துறையின் விருதுகளையும் வாங்கியது.

கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. ஆனால் 14,838 வாக்குகள், அதாவது 10.9 சதவீதம் விழுந்தது. திட்டமிடல் குழுவின் தலைவர் தன் ஆசனத்தை இழந்தார். ஒரே ஒரு கோரிக்கையோடு, சில மாத வேலையில், பத்தில் ஒரு வாக்கு. இதைப் பகிடி எண்டு தள்ளிவிட எந்தக் கட்சியாலும் முடியவில்லை. 1991இல் திருத்திய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. கட்டுவதற்குக் காசு காணாமல் போனபோது, ரசிகர்களே ஒரு முதலீட்டுத் திட்டத்தின் மூலம் பத்து இலட்சம் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். பணிப்பாளர் சபையில் ரசிகர்கள் தெரிவு செய்யும் ஒருவருக்கு இடமும் கிடைத்தது.

இடையில் சிலகாலம் வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க்கில் ஒதுங்கியிருந்து, 1992 டிசெம்பர் 5இல் சார்ல்டன் வீடு திரும்பியது. போர்ட்ஸ்மத்துக்கு எதிரான அந்தப் போட்டியில் கொலின் வோல்ஷ் அடித்த கோலால் 1-0 வெற்றி. 1998இல் வெம்பிளியில் சண்டர்லண்டுடன் 4-4 எண்டு முடிந்த இறுதிப்போட்டியைப் பெனால்டியில் வென்று பிரிமியர் லீக்குக்கும் போனது.

திரும்பவும் அதே இடம்

கதையை 1998இல் நிறுத்தினால் இனிமையாக இருக்கும். வரலாறு அப்படி நிற்பதில்லை.

2014இல் பெல்ஜியப் பணக்காரர் ரோலண்ட் டுஷாட்லே கழகத்தை வாங்கினார். 2016இல் கழகம் மூன்றாம் தரத்துக்கு விழுந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கொவென்ரி சிற்றியுடனான போட்டியில், தங்கள் நிர்வாகத்தோடு பிரச்சினைப்பட்டுக்கொண்டிருந்த கொவென்ரி ரசிகர்களும் சார்ல்டன் ரசிகர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கான பிளாஸ்ரிக் பன்றிப் பொம்மைகளை ஆடுகளத்துக்குள் எறிந்தார்கள். எதிரணி ரசிகர்கள் ஒரே பக்கம் நின்ற அருமையான நாள் அது.

2020 ஜனவரியில் டுஷாட்லே கழகத்தை விற்றார். மைதானத்தையும் பயிற்சித் திடலையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1982இல் நடந்தது அப்படியே 38 வருடத்துக்குப் பிறகு. புதிதாக வந்தவர்களின் நிர்வாகம் சில மாதங்களிலேயே குழப்பத்தில் முடிந்து, செப்டெம்பரில் கழகம் மறுபடி கைமாறியது.

இங்கிலாந்தில் இது சார்ல்டனுக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை. பிரைட்டன் 1997இல் தன் கோல்ட்ஸ்ரோன் மைதானத்தை இழந்தது. விம்பிள்டன் கழகம் மில்ரன் கீன்ஸ் நகரத்துக்குப் போக 2002இல் அனுமதி கிடைத்தபோது ரசிகர்கள் புதிதாகத் தங்கள் கழகத்தைத் தொடங்கினார்கள். இப்படிப் பல ஆண்டுகள் கத்திய பிறகுதான் 2025இல் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் வந்தது. இனிக் கழகம் ஒன்று தன் மைதானத்தை விற்கவோ இடம் மாறவோ சுயாதீன ஒழுங்குபடுத்துநரின் சம்மதம் வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் வருமுன்பே காணி பிரிந்துபோன கழகங்களுக்கு அதை அது திருப்பி வாங்கித் தராது.

சார்ல்டன் ரசிகர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களின் கோபத்தை விட அவர்கள் வேலைசெய்த முறை. இதழ் நடத்தினார்கள், பற்றை வெட்டினார்கள், நகரசபைக் கூட்டங்களில் போய் இருந்தார்கள், வாக்குக் கேட்டார்கள், காசு போட்டார்கள். ஏழு வருடம் எடுத்தது. அந்த ஏழு வருடத்திலும் அவர்கள் காணி உறுதியையும் திட்டமிடல் விண்ணப்பத்தையும் வாசித்து விளங்கிக்கொண்டார்கள். அடுத்தமுறை உங்களுக்குப் பிடித்த கழகத்தை யாரோ வாங்கிவிட்டார்கள் எண்டு செய்தி வந்தால், மைதானமும் சேர்த்துத்தான் வாங்கினவையோ எண்டு ஒருக்கால் தேடிப் பாருங்கோ.