பாரத்தியான் பூச்சிக்கொல்லியின் வரலாறு

பாரத்தியான் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல நாடுகளில் பயிர்களுக்குத் தெளிக்கப்பட்ட, கடும் நச்சுத்தன்மை கொண்ட கரிமப் பாசுபரசுப் பூச்சிக்கொல்லியாகும். செருமனியில் ஈ 605 என்றும் இந்தியாவில் பாலிடால் என்ற வணிகப் பெயரிலும் இது அறியப்பட்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாலிடால் என்ற சொல் ஒரு நிறுவனத்தின் சரக்கைக் குறிப்பதோடு நிற்காமல், கொல்லும் பூச்சி மருந்து எதற்கும் உரிய பொதுப்பெயர்போல வழங்கத் தொடங்கியது. இதனால் வயலில் நேர்ந்த இறப்புகள் ஒருபுறம் இருக்க, வயலைச் சென்றடையும் முன்பே வழியில் நேர்ந்த இறப்புகளும் இதன் வரலாற்றில் பெரிய இடம் பெறுகின்றன. இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு வித்திட்டவை அவைதாம்.

தோற்றம்

ஐ. ஜி. பார்பென் நிறுவனத்தின் வேதியியலாளரான கெரார்டு சிரேடர் 1930களில் புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடிவந்தார். அந்தத் தேடலில் 1936-ல் தாபுன், 1938-ல் சாரின் ஆகிய சேர்மங்கள் கிடைத்தன. இவை வயலுக்கு ஆகாத அளவுக்குக் கொடியவை என்று தெரிந்ததும் செருமானியப் படைத்துறை இவற்றைப் போர் நஞ்சாக எடுத்துக்கொண்டது. வேளாண்மைக்கு ஏற்றதாகக் கருதப்பட்ட பாரத்தியான் 1944-ல் உருவானது. போர் முடிந்தபின் நேச நாடுகளின் ஆய்வுக் குழுக்கள் சிரேடரின் ஆய்வேடுகளைக் கைப்பற்றி வெளியிட்டன. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் இதன் உற்பத்தி தொடங்கியது.

உழவர்கள் இதை விரும்பியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. டி.டி.டி.க்கு எளிதில் மசியாத அசுவினியும் சிலந்திப்பேனும் இதற்கு மடிந்தன. இலையின் மேற்பரப்பைக் கடந்து உள்ளே ஊடுருவியதால் மறைந்திருந்த பூச்சிகளும் தப்பவில்லை. டி.டி.டி.யைப்போல ஆண்டுக்கணக்கில் தங்காமல், வெயிலிலும் ஈரத்திலும் ஒப்பளவில் விரைவாகச் சிதைந்தது. அறுவடைக்குள் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பதால் பாதுகாப்பானது என்ற எண்ணமும் பரவியது. தெளிக்கும் ஆளின் பாதுகாப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை.

நஞ்சு செயற்படும் விதம்

நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின், தன் வேலை முடிந்தவுடன் அசிட்டைல்கோலின்எசுட்டரேசு என்ற நொதியால் சிதைக்கப்பட வேண்டும். பாரத்தியான் உடலுக்குள் சென்றதும், பெரும்பாலும் கல்லீரலில், அதன் மூலக்கூற்றிலுள்ள கந்தகத்தின் இடத்தில் ஆக்சிசன் அமர்ந்து பாரக்சான் ஆகிறது. இந்தப் பாரக்சானே நொதியை முடக்குகிறது. செய்தி நிற்காமல் ஓடுவதால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உமிழ்நீரும் வியர்வையும் பெருகும். தசைகள் துடித்துப் பின் தளரும். இறுதியில் மூச்சு நிற்கும். வாய்வழி மட்டுமன்றித் தோல் வழியாகவும் இது உடலில் ஏறும். கையுறையும் முகமூடியும் இல்லாமல், வெற்றுடம்போடு தெளித்தவர்களுக்கு இது எத்தகைய ஆபத்து என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அட்ரோப்பின் மருந்து தொடக்கத்திலிருந்தே மாற்று மருந்தாகப் பயன்பட்டது. முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்சைம் 1950களின் நடுவில் உருவானது. பாரத்தியானை நெல் தண்டுத் துளைப்பானுக்கு எதிராகப் பெருமளவில் பயன்படுத்திய சப்பானில், நஞ்சேறிய உழவர்களுக்கு அது விரைவிலேயே கொடுத்துப் பார்க்கப்பட்டது.

செருமனியில் 1954-ல் வேறொரு முகம் வெளிப்பட்டது. வோர்ம்சு நகரில் கிறிசுட்டா லேமன் என்ற பெண் இந்நஞ்சு கலந்த சாக்லேட்டை ஒருவருக்குக் கொடுக்க, அதை வேறொருவர் தின்று இறந்தார். விசாரணையில், முன்னர் இயற்கை இறப்பாகக் கருதப்பட்ட அவருடைய கணவர், மாமனார் ஆகியோரின் இறப்புகளும் கொலைகளே எனத் தெரியவந்தது. ஈ 605-க்கு 'மாமியார் நஞ்சு' என்ற பட்டப்பெயரும் அந்நாட்டில் உண்டு.

1958: கேரளமும் சென்னை மாநிலமும்

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவு உண்டவர்கள் வாந்தியும் வலிப்புமாக விழத் தொடங்கினர். கேரளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய்க்கிருமி எதுவும் காரணமன்று. கோதுமை மாவு உள்ளிட்ட உணவுப் பொருள்களும் பாலிடாலும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டிருந்தன. கசிந்த பாலிடால் மூட்டைகளில் ஊறியது. மூட்டைகள் கடைகளுக்குப் போயின. அங்கிருந்து மாவு அடுப்படிகளுக்குப் போனது. இறந்தவர்கள் பூச்சிக்கொல்லியைக் கையால் தொட்டவர்கள் அல்லர். கிலோ எடைக்குச் சில மில்லிகிராமே கொல்லப் போதுமான ஒரு பொருளை, சோப்புப் பெட்டியைப்போல உணவு மூட்டைகளுடன் ஏற்றுவதற்கு அன்று எந்தத் தடையும் இருக்கவில்லை என்பதே இந்நிகழ்வின் திகைக்கவைக்கும் பகுதி.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கவனக்குறைவும் அன்று. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் பாரத்தியான் படிந்த பார்லி உயிர்களைக் கொன்றது. 1967-ல் கொலம்பியாவின் சிக்கின்கிரா நகரில் ரொட்டி தின்ற பலர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தனர். அங்கும் மாவும் நஞ்சும் ஒரே வண்டியில் வந்திருந்தன. 1976-ல் சமைக்காவில் இறக்குமதி மாவால் 17 பேரும், 1986-ல் சியேரா லியோனில் ரொட்டியால் 14 பேரும் மாண்டனர். அடுப்பின் சூடு நஞ்சை முழுதும் அழிக்கவில்லை. உடல் எடை குறைந்த குழந்தைகளே எங்கும் முதலில் விழுந்தனர்.

சட்டமும் தடையும்

இந்திய அரசு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே. சி. சா தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் பரிந்துரைகளை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழு ஆராய்ந்தது. பூச்சிக்கொல்லிச் சட்டம் நிறைவேறியது 1968-ல். விதிகள் வந்தது 1971-ல். சாவுக்கும் விதிகளுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றோடு போக்குவரத்தையும் சட்டத்தின் முகப்புரையே குறிப்பிடுகிறது. உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ நேரடியாகத் தொடும்படி பூச்சிக்கொல்லியைக் கொண்டுசெல்லவோ இருப்பு வைக்கவோ கூடாது என்று விதிகள் விலக்கின. இன்று மருந்துக் கடைப் புட்டிகளில் உழவர்கள் காணும் சிவப்பு முக்கோணமும் மண்டையோட்டுக் குறியும் இந்த விதிகளின் வழியே வந்தவை.

பாரத்தியானை இலங்கை 1984-ல் தடைசெய்தது. அமெரிக்காவில் எஞ்சிய பயன்பாடுகளும் 2003-க்குள் முடிவுக்கு வந்தன. 2004-ல் ரோட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. அதன்படி, ஒரு நாடு முன்கூட்டி அறிந்து இசைந்தாலன்றி அந்நாட்டுக்கு இதை ஏற்றுமதி செய்யலாகாது. இந்தியாவில் எத்தில் பாரத்தியான் முன்பே தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் பாரத்தியான், தேனீக்கள் மகரந்தச் சேர்க்கை செய்யாத பயிர்களுக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டுடன் நெடுங்காலம் விற்பனையில் நீடித்து, 2018 ஆகத்து மாதத்தில் தடைசெய்யப்பட்டது.