இலைத்துளையா, இலைவாயா?

குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் மழை தள்ளிப்போனால் மத்தியான வெயிலுக்கு மக்காச்சோளத் தோகை குழலாகச் சுருண்டுகொள்ளும். "பயிர் சுண்டிப்போச்சு" என்பார்கள். தோகை சுருளும் நேரத்தில் அதிலுள்ள நுண்ணிய திறப்புகளும் பெரும்பாலும் சாத்தியிருக்கும். அந்தத் திறப்புக்குத் தமிழில் இரண்டு பெயர். நம் பாடநூலில் 'இலைத்துளை'; இலங்கைப் பாடநூலில் 'இலைவாய்'.

கலைச்சொல் வேலையில் இந்தச் சீமைக்கும் பங்குண்டு. 1934இல் தொடங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், பெயரில்தான் சென்னை, இருந்தது திருநெல்வேலியில். 2019 வரை குருவிகுளமும் அந்த மாவட்டம்தான். சங்கம் கூட்டிய 1936 சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். 1938இல் 'கலைச்சொற்கள்' நூலாக வந்தது. இப்படி இரு கரையும் கூடிப் பேசியும், பிற்காலப் பாடநூல்கள் தனித்தனி வழி போயின: இங்கே செல், அங்கே கலம், இங்கே நீராவிப்போக்கு, அங்கே ஆவியுயிர்ப்பு.

இந்தத் திறப்புக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டோமா' என்று பெயர்; கிரேக்கத்தில் அதற்கு வாய் என்று பொருள். வாய்ப்புண்ணை மருத்துவர்கள் 'ஸ்டோமடைடிஸ்' என்பதும் இதே வேரிலிருந்துதான். அதற்காக இலைவாயை வெறும் மொழிபெயர்ப்பு என்று தள்ள வேண்டியதில்லை. தமிழில் வாய் தின்பதற்கு மட்டுமா? கால்வாய், மடைவாய், வாசலாகிவிட்ட வாயில் எல்லாம் இருக்கின்றன. கண்மாய்கூடக் 'கண்வாய்' மருவியது என்பது சொல்லாய்வாளர் பலர் கருத்து. போக்குவரத்துள்ள திறப்பு எதுவும் நமக்கு வாய்தான்.

பருத்தி இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் இது விளங்கும். அவரை விதை போல வளைந்த இரண்டு காப்பு செல்கள் எதிரெதிரே நிற்கும். வெளிச்சம் பட்டதும் அவற்றுக்குள் பொட்டாசியம் ஏறும், பின்னாலேயே நீர் ஏறும். துளையை ஒட்டிய சுவர் தடிப்பு, வெளிச்சுவர் மெலிசு. அதனால் செல் உப்பும்போது வெளிப்புறமாக வளைந்து நடுவே வழி விடும். கரியமில வாயு உள்ளே வரும்; ஆக்சிஜனும் நீராவியும் வெளியேறும். காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். அந்தச் சொற்பத்துக்காக, வேர் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியைச் செடி பறிகொடுக்கிறது. மண் காய்ந்தால் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் சுரக்கும், பொட்டாசியம் வெளியேறும், நீரும் போகும், வாய் மூடும். நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிப்பு குறையும். சுண்டின பயிர் பிழைத்தாலும் விளைச்சல் இறங்குவது இதனாலும்தான்.

துளை என்றால் போட்டது போட்டபடி கிடப்பது. நாழிகைக்கு நாழிகை திறந்து மூடுகிற ஒன்றுக்கு அது பொருந்தவில்லை. என் ஓட்டு இலைவாய்க்கே. இளங்கிளைப் பட்டையில் சொரசொரப்பாகத் தெரியும் புள்ளிகள் வழியாகவும் காற்று போய்வருகிறது. அங்கே காப்பு செல் கிடையாது, நினைத்த நேரம் மூடவும் முடியாது. அதைப் பட்டைத்துளை என்பது சரி.