சால்போர்டில் ஒரு குடும்பம்

கடல் கடந்து குடியேறியவர்களின் வரலாற்றைச் சட்டங்களிலும் கப்பல் கணக்குகளிலும் தேடுவது ஒரு முறை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் எழும் வழக்குகளில் தேடுவது மற்றொரு முறை. அயூப் கான் தீன் என்னும் நாடகாசிரியர் மேற்கொண்டது இரண்டாவது முறை. 1996ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரில் அரங்கேறிய அவருடைய 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' என்ற நாடகத்தைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நேயர்கள், தம் இல்லத்திலேயே கேட்ட குரல்கள் சிலவற்றை அதில் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும்.

மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில், ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகளுள் ஒன்றில் கதை நிகழ்கிறது. பஞ்சாலைகளையும் கப்பல் துறைகளையும் நம்பி வாழ்ந்த தொழிலாளர் ஊர் அது. காலம், 1970ஐ ஒட்டியது. வீட்டின் தலைவர் ஜார்ஜ் கான். 1930களில் இங்கிலாந்து சென்று, ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்து, மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடை நடத்தி வருபவர். ஊரில் முதல் மனைவி இருக்கிறார். இங்கே ஆறு புதல்வர்களும் ஒரு புதல்வியும். மூத்த மகன் தந்தை நிச்சயித்த மணத்தை மறுத்து வெளியேறிவிட்டான். எஞ்சியோரையாவது முறையான முஸ்லிம்களாகவும் பாகிஸ்தானியராகவும் ஆக்கிவிடவேண்டும் என்பது அவர் உறுதி.

இங்கே சரித்திரத்தின் விந்தை ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜார்ஜ் கப்பலேறிய நாளில் பாகிஸ்தான் என்றொரு நாடே இல்லை. 1947இல் தோன்றிய அந்நாட்டில் அவர் வாழ்க்கை நடத்தியதே இல்லை எனலாம். எனினும் அதன் செய்திகளுக்காகவே அவர் செவி ஏங்குகிறது. பிள்ளைகளோ அதைக் கண்டதும் இல்லை. தாம் அறியாத நாட்டைத் தம் பிள்ளைகள் மீது சுமத்தும் தந்தை அவர். ஆயினும் அவரை வெறும் கொடுங்கோலர் என்று தள்ளிவிட இயலாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் காமன்வெல்த் மக்களுக்குப் பிரிட்டனின் கதவைத் திறந்து வைத்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பாதி மூடிற்று. 1968 ஏப்ரலில் ஈனாக் பவல் குடியேற்றத்திற்கு எதிராகப் பேசியதும் இதே பர்மிங்ஹாமில்தான். வெளியே தமக்கு இடமில்லை என்று உணரும் மனிதர் வீட்டுக்குள் அதிகாரத்தை இறுக்கிப் பிடிப்பதில் வியப்பில்லை.

நாடகம் பெரும்பாலும் நகைச்சுவையாகவே செல்கிறது. பொறியியல் படிப்பதாகத் தந்தை நம்பும் மகன் உண்மையில் ஓவியக் கலை பயில்கிறான். கடைக்குட்டி சஜித், தலைமூடி வைத்த கனத்த மேலங்கியைக் கழற்றவே மறுக்கிறான். பெண் வீட்டார் வரும் காட்சியில் அரங்கம் குலுங்கும். ஆனால் தந்தை தாயைக் கைநீட்டி அடிக்கும் கட்டத்தில் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. முஸ்லிம் தந்தையை ஏளனப்பொருளாக்குவதாகச் சிலர் குறை கூறினர். சில காட்சிகளுக்கு அது பொருந்தலாம்; முழு நாடகத்திற்கும் பொருந்தாது என்பதே என் கருத்து. ஆங்கிலத் தாயின் நிலையைப் பாருங்கள்: கணவரைக் காக்கவும் வேண்டும், அவரிடமிருந்து பிள்ளைகளைக் காக்கவும் வேண்டும்.

இத்தகைய நாடகம் திடீரென்று பிறந்துவிடவில்லை. 1976இல் லண்டனின் சவுத்தால் பகுதியில் சீக்கிய இளைஞர் ஒருவர் இனவெறியால் கொலையுண்டார். அந்த அதிர்ச்சியின் விளைவாக, ஜதீந்தர் வர்மாவும் நண்பர்களும் 1977இல் 'தாரா ஆர்ட்ஸ்' குழுவைத் தொடங்கினர். தாகூரின் நாடகம் ஒன்றே அவர்கள் முதலில் மேடையேற்றியது. 1989இல் சுதா புச்சரும் கிறிஸ்டின் லாண்டன் ஸ்மித்தும் 'தமாஷா' என்ற குழுவை நிறுவி, முல்க் ராஜ் ஆனந்தின் 'தீண்டாதவன்' நாவலை நாடகமாக்கினர். இந்திய நூல்களில் தொடங்கிய அம்முயற்சி, ஏழாண்டுகளில் சால்போர்டின் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. கான் தீனின் நாடகத்தை இயக்கியவர் லாண்டன் ஸ்மித்தே. 1999இல் அது திரைப்படமானபோது, ஜார்ஜாக நம் நாட்டு ஓம் புரி நடித்தார். மேடையில் தாயாக நடித்த லிண்டா பாசெட்டே திரையிலும் தோன்றினார்.

ஆசிரியர் 1961இல் அதே சால்போர்டில், பாகிஸ்தானியத் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். மேலங்கிக்குள் ஒளியும் சஜித் தாமே என்று அவர் சொல்லியிருக்கிறார். 2014இல் லண்டனில் அந்நாடகம் மீண்டும் மேடையேறியபோது ஜார்ஜ் கானாக நடித்தவர் அவரே. சிறுவனாக எந்தக் கோபத்தைக் கண்டு அஞ்சினாரோ, அந்தக் கோபத்தை ஐம்பதைக் கடந்த வயதில், இரவுக்கு இரவு, தம் குரலிலேயே அவர் பேசவேண்டியிருந்தது.