ஊரறிந்த பாட்டும் பேரறியாப் புலவரும்

ஆங்கிலத்திலே ‘சைலன்ற் நைற்’ என வழங்கும் நத்தார்க் கீதத்தை அறியாதார் சிலரே. அதனை ஆக்கியோரை அறிந்தாரும் சிலரே. நெப்போலியனின் போர்கள் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1816இல், ஒஸ்திரியாவின் மாரியபார் என்னும் மலையூரில், யோசேப்பு மோர் என்னும் இளங்குருவானவர் அதனை ஜேர்மன் மொழியில் இயற்றினார். பின்னர் அவர் ஒபெர்ண்டோர்ப் ஆலயத்திற் பணியாற்றினார். 1818ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி, அவர் வேண்டியவாறு, அயலூர்ப் பள்ளியாசிரியரான பிரான்சு சேவியர் குரூபர் அதற்கு இசை அமைத்தார். அன்றிரவே இருவரும் கிற்றார் இசையுடன் அதனைப் பாடினர்.

மலைநாட்டுப் பாடகர் குடும்பங்கள் வாயிலாகப் பாட்டுப் பரவியது. ஆக்கியோர் பெயர் பரவவில்லை. மெட்டு ஹைடனுடையது என்றும் மொசாட்டினுடையது என்றும் பலர் கூறலாயினர். மோர் 1848இல் வறியராய் மறைந்தார். 1854இல் பேர்லின் அரசவை இசைக்குழுவினர் விசாரித்தபோது, முதுமையுற்ற குரூபர் உண்மை வரலாற்றை எழுதி வைத்தார். எனினும் ஐயம் முற்றாக அகலவில்லை.

1995இல் மோரின் கையெழுத்துப் பிரதியொன்று வெளிப்பட்டது. பாட்டுத் தமது என்றும், அஃது எழுந்த ஆண்டு 1816 என்றும், மெட்டுக் குரூபருடையது என்றும் அதிலே மோர் குறித்திருந்தார். உலகம் மறந்த அக்குருவே இறுதியில் தம் நண்பருக்குச் சாட்சியானார்.