ஓப்பன்ஹைமர்: ஓர் ஊர்ப்பெயரின் வரலாறு



ஜேர்மனி நாட்டிலே, ரைன் நதியின் இடது கரையில், மைன்ஸ் நகருக்கும் வோர்ம்ஸ் நகருக்கும் நடுவே ஓப்பன்ஹைம் என்னும் சிற்றூர் ஒன்று உளது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். மேட்டின்மேல் செந்நிறக் கல்லாற் கட்டப்பெற்ற புனித கத்தரீனாள் தேவாலயம். 1689ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் இவ்வூரை எரித்து அழித்தன. பின்னர் அது பெருநகராக வளரவில்லை. ஆயினும், அவ்வூரை ஒருபோதும் கண்டிராத கோடிக்கணக்கான மக்கள் அதன் பெயரை அறிவர். ‘ஓப்பன்ஹைமர்’ என்னும் குடும்பப் பெயரே அதற்குக் காரணம்.

மதுரையைச் சேர்ந்தவரை மதுரையார் என்று நாம் வழங்குவது போல, ஓப்பன்ஹைம் ஊரினரை ஓப்பன்ஹைமர் என்று ஜேர்மானியர் வழங்குவர். இங்கே சிந்திக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. சொந்த ஊரில் வாழ்பவரை எவரும் அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில்லை. ஊரை விட்டு வேற்றூர் புகுந்தவருக்கே அப்பெயர் இடப்படும். ஆகவே ஓப்பன்ஹைமர் என்றால், ‘இவர் வேறிடத்திலிருந்து வந்தவர்’ என்பதே பொருள்.

இப்பெயரைத் தாங்கியோரிற் பலர் யூதர். மத்திய காலத்து ஜேர்மன் நாடுகளில் அவர்கள் பெரும்பாலும் நிலம் வாங்க இயலாது. கைவினைஞர் சங்கங்களிற் சேரவும் இயலாது. ஆள்வோர் விரும்பிய வேளையிற் குடியிருக்க விடுவர்; விரும்பாத வேளையில் வெளியேற்றுவர். நிலையான குடும்பப் பெயரைச் சூடுமாறு ஆஸ்திரியா 1787ஆம் ஆண்டிலும் பிரஷ்யா 1812ஆம் ஆண்டிலும் யூதருக்குச் சட்டம் விதித்தன. ஓப்பன்ஹைமர் என்னும் பெயரோ அதற்கு வெகு முன்னரே வழக்கிலிருந்தது. இப்பெயருடையோர் அனைவரும் ஒரே குருதி வழியினர் என்று கொள்ளுதல் தவறு. எனினும், அவர்களுட் சிலர் வாழ்க்கையில் ஒரே நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் தோன்றுவதைக் காண்கிறோம். அரசுக்குத் தேவை நேர்கிறது. அது அவர்களை அழைக்கிறது. தேவை தீர்ந்ததும் அவர்களைக் கைவிடுகிறது.

முதலாமவர் சாமுவேல் ஓப்பன்ஹைமர். 1630ஆம் ஆண்டில் ஹைடல்பேர்க்கிலே பிறந்தவர். 1670ஆம் ஆண்டில் லெயோபோல்ட் சக்கரவர்த்தி யூதரை வியன்னா நகரினின்றும் வெளியேற்றினார். ஆனால் போர் மூண்டபோது, படைக்கு உணவும் உடையும் வெடிமருந்தும் சேர்த்துத் தர ஒருவர் வேண்டியிருந்தது. அதே சக்கரவர்த்தி சாமுவேலை அந்நகரில் வாழ அனுமதித்தார். 1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்ட காலத்தும் அதன் பின்னரும் சக்கரவர்த்தியின் படைகள் அவர் தந்த பொருளையும் கடனையும் நம்பியே நின்றன. 1700ஆம் ஆண்டில் கலகக்கூட்டம் ஒன்று அவர் மாளிகையைச் சூறையாடிற்று. 1703இல் அவர் இறந்தார். அவருக்குக் கொடுக்கவேண்டிய பெருந்தொகையை அரசு அவர்தம் மக்களுக்குக் கொடுக்க மறுத்தது; அவருடைய நிலையம் முறிந்துவிட்டதென்று அறிவித்தது. அதன் பயன் என்ன? அரசுக்குக் கடன் தருவாரும் அருகினர்; அரசின் நிதி நிலையே ஆட்டங்கண்டது.

இரண்டாமவர் யோசேப்பு சூஸ் ஓப்பன்ஹைமர். இவர் வூர்ட்டம்பேர்க் நாட்டுக் கோமகன் கார்ல் அலெக்சாண்டரின் நிதி ஆலோசகர். கோமகனுக்காகப் புதிய வரிகளையும் வருவாய்களையும் வகுத்தமையால் நாட்டு மன்றத்தாரின் பகையைத் தேடிக்கொண்டார். 1737ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கோமகன் திடீரென இறந்தார். உடனே யோசேப்பு சிறைப்படுத்தப்பட்டார். ஆணையிட்ட கோமகன் மாண்டபின், அவ்வாணைகளின் பழி முழுவதும் அவற்றை நிறைவேற்றியவர் தலையில் விழுந்தது. கிறித்து மதத்தைத் தழுவுமாறு வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. 1738ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் ஸ்டுட்கார்ட் நகரில் அவரைத் தூக்கிலிட்டு, உடலை இரும்புக் கூண்டில் ஆறாண்டு காலம் தொங்கவிட்டனர். கொடுமை அத்துடன் ஒழியவில்லை. இருநூறு ஆண்டுகள் கழிந்து, 1940இல், நாஜி அரசு அவர் கதையைத் திரித்துத் திரைப்படமாக்கி, யூதர்மீது வெறுப்பை வளர்க்கும் கருவியாகக் கொண்டது.

மூன்றாமவர் ஏர்னஸ்ட் ஓப்பன்ஹைமர். 1880இல் ஜேர்மனியின் பிரீட்பேர்க் நகரிற் பிறந்து, 1902இல் தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகருக்கு வைர வணிகராகச் சென்றார். பிரித்தானியக் குடிமகனாகி அந்நகரின் மேயருமானார். 1915ஆம் ஆண்டில் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் லூசித்தானியா என்னும் பயணக் கப்பலை மூழ்கடித்தது. சினங்கொண்ட மக்கள் ஜேர்மன் பெயருடையோர்மீது பாய்ந்தனர். பெயரின் ஒலியே குற்றமாயிற்று. மேயர் பதவி துறந்து ஊரைவிட்டு அகன்றார். பின்னர் திரும்பி வந்து, 1917இல் ‘ஆங்கிலோ அமெரிக்கன்’ என்னும் சுரங்க நிறுவனத்தை நிறுவினார். 1929இல் ‘டி பியர்ஸ்’ வைர நிறுவனத்துக்கும் தலைவரானார். அச்சுரங்கங்களில் அற்பக் கூலிக்கு உழைத்த கறுப்பின மக்களையும் இங்கே மறத்தலாகாது.

நான்காமவர் உலகறிந்த ரொபேட் ஓப்பன்ஹைமர். அவர் தந்தையார் 1888இல் ஜேர்மனியின் ஹானாவ் நகரிலிருந்து அமெரிக்கா சென்றவர். 1904இல் நியூயோர்க்கிற் பிறந்த ரொபேட் பௌதிகத்தில் வல்லுநர். கலிபோர்னியாவிலே சமஸ்கிருதம் கற்றுப் பகவத் கீதையை மூலத்திலேயே வாசித்தவர். 1943இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்குத் தலைவரானார். 1945 ஜூலை 16இல் முதல் அணுகுண்டு பரிசோதிக்கப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாக்கியும் அழிந்தன. பின்னர் ஐதரசன் குண்டை அவசரமாக ஆக்குவதை அவர் எதிர்த்தார். 1954இல் அவருடைய பழைய இடதுசாரித் தொடர்புகளையும் அவ்வெதிர்ப்பையும் காரணங்காட்டி, அரசின் இரகசியங்களை அறியும் உரிமையைப் பறித்தனர். இங்கே பெயர் காரணமன்று. ஆனால் நிகழ்ந்த முறை பழையதே. 1967இல் அவர் காலமானார். அத்தீர்ப்பு முறைகேடானதென்று அமெரிக்க அரசு அதனை நீக்கியது 2022இல். நீதி வந்தது, அதனைக் கேட்க அவர் இல்லை.

இனி, இதே பெயருடைய வேறிருவரை நோக்குவோம். சாமுவேலின் சகோதரர் மகன் தாவீது, பிராக் நகரின் தலைமை யூதகுரு. வாழ்நாள் முழுவதும் எபிரேய நூல்களைத் தேடித் திரட்டியவர். அவர் சேர்த்த அச்சுநூல்களும் ஏட்டுச் சுவடிகளும் 1829இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தை அடைந்தன. இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. ரொபேட்டின் தம்பி பிராங்க், அரசியற் சந்தேகத்தால் 1949இல் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, கொலறாடோவில் மாடு வளர்த்தார். அவரே 1969இல், சிறுவரும் கையால் தொட்டு விஞ்ஞானம் பயிலும் அரும்பொருட்காட்சிச்சாலையைச் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவினார்.

அரசருக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. போருக்குக் கொடுத்த அறிவுக்கு நன்றியும் கிடைக்கவில்லை. கற்போருக்குக் கொடுத்த நூலும் கூடமும் நிலைத்து நிற்கின்றன. ஒருவர் வேற்றூரிலிருந்து வந்தவர் என்பதைப் பெயர் சொல்லும்; வந்த இடத்தில் அவர் எவர்க்கு என்ன விட்டுச்சென்றார் என்பதை வரலாறு சொல்லும்.